டவுன் பஸ் முந்திய விமானம்

"மெதுவாப் போனா விழுந்துரும்ங்கறீங்க. மெதுவா வந்தாத்தான் எறங்க முடியும்ங்கறீங்க. நான் எதைத்தானுங்க மேடம் நம்பறது?"

கேட்ட சீடர் நல்லசிவத்துக்கு நாற்பத்தொன்பது வயது, கோழிப்பண்ணைக்காரர். குரு ரெஹானாவுக்கு இருபத்தாறு.

விமானப் பயிற்சிக்குக் கூடச் சேர்ந்தவர்கள் எல்லாரும் தனியே பறந்துவிட்டார்கள். இவர் மட்டும் விழுந்துவிடும் பயத்தில் வேகமாகவே வந்து, ஓடுபாதையைத் தொடாமல் மிதந்துகொண்டே போவார்.

"இன்னைக்கும் தனியா அனுப்பலீன்னா, கோழிகளோடவே இருந்துக்கறனுங்க."

"அதுங்களும் பறக்காது. ஏறுங்கண்ணா."

மூவாயிரம் அடி. ஆடிக் காற்று நேர் எதிரே வந்தது.

ரெஹானா எஞ்சினைக் குறைக்கச் சொன்னார். வேகமுள் ஐம்பத்தைந்துக்கு வந்ததும் வேகம் போதாதென்று எச்சரிக்கை ஊதல் அலறியது. நல்லசிவம் பதறி விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினார்.

குரு ஒரு நெம்புகோலைப் படிப்படியாகக் கீழே தள்ளினார். இறக்கைகளின் பின்விளிம்பிலிருந்த ஃபிளாப் பலகைகள் முழுக்க இறங்கின.

முள் ஐம்பதுக்கே இறங்கியது. ஊதல் இல்லை.

கீழே ஒரு டவுன் பஸ் அவர்களை முந்திப் போனது.

"நிக்குதுங்க மேடம்!" கருவறை முன் பேசுவதுபோல அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"நாம போயிட்டுத்தான் இருக்கோம். காத்தும் வந்துட்டிருக்கு."

நல்லசிவம் இறக்கையைப் பார்த்தார். அப்புறம் வெறும் வெளியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"போதும். ஃபிளாப்பை எடுங்க."

நல்லசிவம் ஒரே தூக்கில் எடுத்தார். அடியிலிருந்த இருக்கை காணாமல் போனது.

ரெஹானாதான் விமானத்தைத் தாங்கிப் பிடித்தார்.

"இருநூறு அடி போச்சு." உயரமுள்ளைக் காட்டினார்.

திரும்பினார்கள். ஃபிளாப்பை முழுக்க இறக்கி, முதல்முறையாக நல்லசிவம் நிதானமாக வந்தார். தரைக்கு முப்பது அடி. ஓடுபாதை நடுவே மயில்கள்.

எஞ்சினை முழுக்க முடுக்கினார். இறங்கிய ஃபிளாப் இழுத்துப் பிடித்ததில் விமானம் ஏறவில்லை. கை தானாக ஃபிளாப் நெம்புகோலுக்குப் போனது.

"மேடம்..."

ரெஹானா கைகளை மடியில் வைத்துக்கொண்டு மயில்களைப் பார்த்தார்.

ஒரு படி தூக்கினார் நல்லசிவம். காத்திருந்தார். விமானம் தயங்கியது, பிறகு எழுந்தது. இன்னொரு படி. காத்திருந்தார். தோகைகள் அடியில் கடந்து போயின.

வட்டமடித்து வந்து இறங்கி நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெஹானா பட்டையை அவிழ்த்துக் கதவைத் திறந்தார்.

"எங்கீங்க மேடம் போறீங்க?"

"நான் இல்லாம கொஞ்சம் லேசா இருக்கும். சட்டுனு எழும்பும். பயந்துக்காதீங்க."