மூன்றாவது பரிந்துரை

“ரெண்டு பேர் கொடுத்துட்டாங்க மேடம். நீங்க ஒருத்தர்தான் பாக்கி” என்றான் இசக்கிமுத்து.

தெய்வானை மேடம் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“நீங்க எந்தக் கம்பெனி?”

“கம்பெனி விஷயமா வரலை மேடம். நான் உங்க மாணவன். இதே விலங்கியல் துறை. பதிமூணு வருஷம் ஆச்சு.”

அப்போதுதான் மேடம் பார்த்தார். கழுத்தில் டை. பளபளக்கும் ஷூ. கையில் கனத்த தோல் பை. கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் ஆள் வெளியிலேயே நின்றான்.

“பேரு?”

“இசக்கிமுத்து.”

“ஞாபகம் இல்லையேப்பா.”

இதை அவன் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். இருந்தாலும் சுருக்கென்றது. மேடம் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. அவருக்கும் அவனுக்கும் ஆறு வயதுகூட வித்தியாசம் கிடையாது.

“உள்ளே வா.”

வந்தான். உட்காரவில்லை.

பட்டம் வாங்கியதும் மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்தவன். அன்று தூக்கிய பையை இன்னும் இறக்கவில்லை. இந்த வருடம் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் நுழைவுத் தேர்வில் தேறிவிட்டான். அவனுக்குப் பாடம் சொன்ன மூன்று பேர் பரிந்துரைக் கடிதம் தரவேண்டும். கடிதங்கள் வெள்ளிக்கிழமைக்குள் மின்னஞ்சலில் போய்ச் சேரவேண்டும். முப்பத்தைந்து வயது முடிந்தால் அந்தக் கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள். அவனுக்குச் சித்திரையில் முடிகிறது.

“இந்த வயசுல எதுக்கு டாக்டர் படிப்பு?”

“இத்தனை வருஷமா டாக்டர் ரூம் வாசல்லயே நிக்கிறேன் மேடம். நோயாளி எல்லாரும் உள்ளே போய் வந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவாங்க. ஒரு தடவையாவது அந்த நோயாளியோட கையைப் பிடிச்சுப் பார்க்கணும்னு இருக்கு.”

மேடம் பேனாவை மூடினார்.

“மத்த ரெண்டு பேரும் என்ன எழுதினாங்க?”

“அவங்க எங்கே எழுதினாங்க? ‘நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தரேன்’னு சொல்லிட்டாங்க. உங்களுக்கும் எதுக்குச் சிரமம்னு எழுதியே கொண்டாந்துட்டேன்.”

அவன் சொன்னதில் ஒளிவு மறைவு இல்லை. அவன் படித்த கல்லூரியில் எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள். எல்லோரும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

மேடம் தாளை வாங்கினார். மூடிய சிவப்புப் பேனாவை மறுபடி திறந்தார்.

“‘வகுப்பில் முதன்மையாகத் திகழ்ந்தவர்.’ நீயா?”

“ஆறாவதோ ஏழாவதோ வருவேன் மேடம்.”

ஒரு கோடு.

“‘ஆய்வுக்கூடத்தில் இரவு பகல் பாராது உழைத்தவர்.’ சாயங்காலம் நாலரைக்கே பூட்டிடுவாங்களேப்பா?”

அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டான்.

ஒரு கோடு.

“‘ஏழை எளியோரிடம் இரக்கம் மிக்கவர்.’ இருக்கலாம். நான் பார்த்தேனா?”

“நீங்க பார்க்கலை மேடம்.”

ஒரு கோடு.

தாளின் அடிவரைக்கும் கோடு போயிற்று. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியது. ‘இவர் என்னிடம் படித்தவர்.’ அதன் மேலேயும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார்.

“இதை வச்சுக்கிட்டு நான் என்ன மேடம் செய்யறது?”

“நாளைக்கு ஒன்பதரைக்கு வகுப்பு இருக்கு. வந்து உட்காரு.”

“வெள்ளிக்கிழமைக்குள்ளே போகணும் மேடம்.”

“இன்னைக்குத் திங்கள்தானே?”

*

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் வகுப்புக்குள் நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. யாரோ புது ஆசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். அவன் நேராகப் போய்க் கடைசிக்கு முந்திய பெஞ்சில் உட்கார்ந்தான். எல்லோரும் ஏமாந்து உட்கார்ந்தார்கள்.

பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து இடம் விட்டாள். ஆக்னஸ் என்று நோட்டு அட்டையில் எழுதியிருந்தது.

“அண்ணே, எத்தனை அரியர் வச்சிருக்கீங்க?”

“அரியர் எல்லாம் இல்லம்மா.”

“பரவாயில்லண்ணே, வெட்கப்படாதீங்க. எங்க மாமா ஒருத்தரு பேரனை எடுத்த பிறகுதான் முடிச்சாரு.”

முன் பெஞ்சுகள் சிரித்தன. மேடம் வந்ததும் அடங்கின.

மேடம் கையில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே மருந்து நீரில் கறுத்த, நீண்ட, காலில்லாத ஒரு பிராணி சுருண்டு கிடந்தது.

“இது என்ன?”

மேடத்தின் கண் பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து அவனிடம் வந்து நின்றது.

“இசக்கிமுத்து?”

எழுந்தான். அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: டாக்டர் எதைக் கேட்டாலும் முழிக்காதே. வாயைத் திற, தானாக வரும்.

வாயைத் திறந்தான். வந்தது.

“மண்ணுளிப் பாம்பு மேடம். விஷம் கிடையாது. மண்ணுக்குள்ளேயே வாழறதால கண் சிறுத்துப் போச்சு. வாலும் தலை மாதிரியே இருக்கிறதால ஜனங்க இருதலைப் பாம்புன்னு சொல்லுவாங்க. பிடிச்சு விக்கிறதுக்குன்னே ஒரு கூட்டம் அலையுது.”

தங்குதடையில்லாமல் சொன்னான். எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தினான். ஒரு பையன் கைதட்டக்கூடச் செய்தான்.

மேடம் ஜாடியை மேசைமேல் வைத்துவிட்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டார்.

அப்படியானால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான் இசக்கிமுத்து.

*

புதன்கிழமை. அதே ஜாடி.

“ஆக்னஸ், இது என்ன?”

ஆக்னஸ் டக்கென்று எழுந்தாள். நேற்று அவன் சொன்னதை அப்படியே சொன்னாள். கண் சிறுத்ததையும் சொன்னாள். பிடித்து விற்கும் கூட்டத்தையும் விடவில்லை.

“யார் சொன்னா?”

“அண்ணன் சொன்னாங்கல்ல மேடம்? நாங்க எல்லாரும் எழுதிக்கிட்டோமே.”

மேடம் ஜாடியைத் திறந்தார். நெடி வகுப்பெங்கும் அடித்தது. பிராணியை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தார்.

“பாம்புன்னா மேலே செதில் தெரியணும். தொட்டுப் பாரு.”

ஆக்னஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு விரலால் தொட்டாள்.

“வழவழன்னு இருக்கு மேடம். தவளை மாதிரி.”

“தவளைக்குச் சொந்தந்தான். கால் இல்லாத சொந்தம்.”

வகுப்பு சிரித்தது. ஆக்னஸ் சிரிக்கவில்லை. பெஞ்சுக்கு வந்து நோட்டைத் திறந்தாள். நேற்று அழகாக, கலர் பென்சிலால் தலைப்பெல்லாம் போட்டு எழுதியிருந்த பக்கத்தைக் குறுக்காக அடித்தாள். முன் பெஞ்சிலும் பேனாக்கள் அடிக்கும் சத்தம். பக்கத்துப் பெஞ்சிலும்.

இசக்கிமுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“கோவமாம்மா?” என்றான் மெல்ல.

“கோவம் என்னண்ணே? டை எல்லாம் கட்டியிருக்கீங்களே, சரியாத்தான் இருக்கும்னு நினைச்சிட்டேன்.”

மேடம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பித் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

*

வியாழக்கிழமை ஸ்பாட்டர் தேர்வு. ஆய்வுக்கூடத்தில் சுற்றிலும் மேசைகள். மேசைக்கு ஒரு பொருள். மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகரவேண்டும். பார்த்ததும் பெயரை எழுதவேண்டும்.

“நீயும் எழுது” என்று மேடம் ஒரு தாளை நீட்டினார்.

அவன் அன்றைக்கு டை கட்டி வரவில்லை.

முதல் சில மேசைகளைச் சமாளித்தான். ஐந்தாம் மேசையில் நுண்ணோக்கி. குனிந்து பார்த்தான். ஊதா நிறத்தில் ஏதோ ஒரு திசு.

அவன் விற்ற மருந்துகளின் அட்டைப்படங்கள் எல்லாம் வரிசையாக மனதில் வந்து நின்றன. ஈரல். மண்ணீரல். சிறுநீரகம். எதை எழுதினாலும் பொருந்தும்போல இருந்தது. பேனா தானாகவே ‘ஈ’ என்று எழுதிவிட்டது.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. இந்தத் தாளைத்தான் மேடம் பார்க்கப்போகிறார்.

முன் மேசையில் குனிந்து நின்ற ஆக்னஸின் பின்னல் தெரிந்தது.

‘ஈ’யை அடித்தான். ‘தெரியாது’ என்று எழுதினான்.

மணி அடித்தது. ஆறாம் மேசை தெரிந்தது. ஏழாம் மேசையில் மறுபடி ‘தெரியாது’.

தாளைக் கொடுக்க வரிசையில் நின்றபோது ஆக்னஸ் அவன் தாளை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“என்னண்ணே இது? தெரியாதுன்னு போய் யாராவது எழுதி வைப்பாங்களா? எதையாவது போட்டிருந்தா அரை மார்க்காவது விழுந்திருக்கும். உங்களுக்கு அரியர் ஏன் விழுந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது.”

*

சாயங்காலம் மேடத்தின் அறைக்குப் போனான். வழக்கம்போல வாசலில் நின்றான்.

“சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன் மேடம். ஸ்பாட்டர்ல சரியா செய்யலை.”

“பார்த்தேன். உள்ளே வா. உட்காரு.”

உட்கார்ந்தான்.

மேசைமேல் திங்கட்கிழமை அவன் கொடுத்த தாள். அதன் பக்கத்தில் துறையின் பெயர் அச்சடித்த புதுத் தாள். ‘இவர் என்னிடம் படித்தவர்’ என்று மேடம் தன் கையெழுத்தில் எழுதியிருந்தார். அதன் கீழே இன்னும் ஒரு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். ஈரம் காய ஊதிவிட்டு அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

இசக்கிமுத்து படித்தான்.

‘தெரியாத இடத்தில், தெரியாது என்று எழுதுகிறார். இதை நான் பார்த்தேன்.’

இரண்டு தரம் படித்தான். மற்ற இருவரும் கையெழுத்துப் போட்ட கடிதங்கள், அவனே எழுதியவை, இரண்டிரண்டு பக்கம் இருந்தன.

“மேடம், இது போதுமா? என்னைச் சேர்த்துக்குவாங்களா?”

மேடம் பேனாவை மூடினார்.

“தெரியாது” என்றார்.