வருத்தம் புரிந்த காட்டுப்பன்றி

காட்டாறு வற்றிப்போன கோடையில், மிருகங்கள் கூடி ஆற்று மணலில் ஊற்று தோண்ட முடிவு செய்தன. தோண்டுவதில் காட்டுப்பன்றியை மிஞ்ச ஆளில்லை. அதனால் அதையே மேஸ்திரி ஆக்கின. வினை அங்கேதான் தொடங்கியது.

பன்றிக்கு மண் தெரியும், மனசு தெரியாது. "மனசுல பட்டதைப் பட்டுனு சொல்லிடுவேன். உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு எனக்குக் கிடையாது" என்று பெருமையடித்துக்கொள்ளும். உள்ளே இருந்தது உள்ளேயே இருந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

"ஏய் கரடி, தோண்டுறியா, மணலைத் தடவிக் குடுக்குறியா?"

"உடும்பு, உன் வால் செய்யுற வேலையில பாதிகூட உன் தலை செய்யலையே."

கீரி மறுநாளே வயிற்றுவலி என்று சொல்லியனுப்பியது. முள்ளம்பன்றிக்கும் அதே வயிற்றுவலி வந்தது.

பள்ளம் ஆழமாகவில்லை. குட்டிகள் தாகத்தில் சுருண்டு கிடந்தன. பன்றி கவலையோடு நரியைத் தேடிப் போனது. நரி பிறந்தது முதல் ஒரு பிடி மண் தோண்டியதில்லை. ஆகவே தோண்டுகிறவர்களுக்குப் புத்தி சொல்ல அதற்கு நிறைய நேரம் இருந்தது.

"கோபப்படாதீங்க அண்ணே. யார்கிட்டப் பேசினாலும், 'உன் வருத்தம் எனக்குப் புரியுது'ன்னு ஆரம்பிங்க. சிரிச்ச முகமாச் சொல்லுங்க" என்றது நரி.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். போறப்ப ரெண்டு நண்டு வெச்சுட்டுப் போங்க."

மறுநாள் பன்றி கோரைப்பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்த முயல்கள் ஓடியே போய்விட்டன.

"உன் வருத்தம் எனக்குப் புரியுது" என்றது கரடியிடம். "வேகமாத் தோண்டு."

கரடி நிமிர்ந்து பார்த்தது. "எனக்கு என்ன வருத்தம் அண்ணே?"

பன்றி விழித்தது. அதற்கான பதிலை நரி சொல்லித்தரவில்லை. "அது... பொதுவா ஒரு வருத்தம்" என்றது.

அப்போது உடும்பு, "அண்ணே, மேற்குப் பக்கம் மணல் சரியுற மாதிரி இருக்கு. பயமா இருக்கு" என்றது.

"உன் பயம் எனக்குப் புரியுது. உள்ளே இறங்கு."

உடும்பு இறங்கவில்லை. மேலேறி நின்றுகொண்டது. கரடியும் ஏறிவிட்டது. சிரிப்பை மறந்த பன்றி, "பயந்தாங்கொள்ளிகளா" என்று கத்திக்கொண்டு தானே குதித்தது. கோபத்தில் மணலைப் பார்க்கவில்லை. ஒரே முட்டுதான், மேற்குப் பக்கம் பொலபொலவென்று சரிந்து அதைக் கழுத்துவரை மூடியது.

கரடியும் உடும்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"நம்ம வருத்தம் புரிஞ்ச ஒரே ஆளு. விட்டுட்டா போக முடியும்?" என்றது உடும்பு.

கரடி இறங்கி மணலை வாரத் தொடங்கியது. நாலு வாரல், பிறகு ஒரு நிறுத்தம். நிறுத்தும்போதெல்லாம் வலது முன்காலைத் தூக்கிக்கொண்டது. பன்றியின் மூக்குக்கு நேரே அந்தக் கால் இருந்தது. நகம் ஒன்று பாதி பிய்ந்து, சதை சிவந்து வீங்கியிருந்தது.

"இது எப்ப ஆச்சு?"

"வேலை தொடங்கினப்பவே."

"ஏன் சொல்லலை?"

"தடவிக் குடுக்குறியான்னு கேட்டீங்களே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

பன்றி மணலை மெதுவாகத் துப்பத் தொடங்கியது. வாயில் மணல் இருந்ததும் ஒரு வசதி.

வெளியே வந்ததும் உடம்பை உதறியது. "நான் பேசினது தப்பு. நீ இனிமே தோண்டாதே. மேலே நின்னு மணலை ஒதுக்கிவிடு" என்றது கரடியிடம். பிறகு உடும்பின் பக்கம் திரும்பி, "எங்கெல்லாம் சரியும்னு காட்டு" என்றது.

உடும்பு காட்டிய இடங்களில் கல்லும் கிளையும் முட்டுக் கொடுத்தன. விஷயம் பரவியதும் கீரிக்கும் முள்ளம்பன்றிக்கும் வயிறு சரியாகிவிட்டது. சில நாளில் பள்ளத்தின் அடியில் மணல் கறுத்து நனைந்தது. பிறகு தண்ணீர் கசிந்து நின்றது. குட்டிகள் முதலில் குடித்தன.

பன்றி அதன்பிறகும் அவ்வப்போது கத்தத்தான் செய்தது. ஆனால் யாராவது தயங்கி நின்றால், "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது.

கூட வேலை செய்கிறவரின் வருத்தம் புரிகிறது என்று சொல்ல ஒரு நொடி போதும். அது என்ன வருத்தம் என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்பவருக்கே அது உண்மையில் புரியும்.