மேலப்பொட்டல் மாமன்மார் பாஸ்போர்ட்டோடு கடல் தாண்டியது

மேலப்பொட்டலில் வைரப்பன், சாத்தையா, உடையப்பன் என்று அண்ணன் தம்பிகள் மூவர். தங்கமான மனிதர்கள். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

அவர்களுடைய தங்கை செல்லக்கிளியை யாழ்ப்பாணத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் மகளுக்குக் காது குத்த வேண்டும். மூத்த தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவேன் என்று செல்லக்கிளி ஒற்றைக் காலில் நின்றாள். வைரப்பனுக்கும் அந்த நினைப்பிலேயே தூக்கம் போயிற்று.

பாஸ்போர்ட்டுகளை வாங்கிக் கொடுத்த நாகப்பட்டினம் ஏஜெண்ட் ஒன்றிரண்டு புத்திமதி சொன்னார். போட்டோவில் இருக்கிற முகமும் நேரில் இருக்கிற முகமும் ஒன்றாக இருக்க வேண்டும். அக்கரை போய்ச் சேரும்வரை பாஸ்போர்ட்டைக் கையை விட்டுக் கீழே வைக்கக் கூடாது.

மூவரும் வைக்கவில்லை. குளத்தில் முங்கும்போதுகூட ஆளுக்கொரு கை தண்ணீருக்கு மேலே நின்றது. யாரோ முழுகிச் சாகிறார்கள் என்று கரையில் போனவர்கள் குதித்துவிட்டார்கள். வேட்டி கட்டத்தான் பெரும்பாடு. ஒருவர் பிடிக்க, ஒருவர் சுற்ற, உடுத்தியவர் தானே செருகிக்கொண்டார்.

துறைமுகத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைக் கேட்டார். கீழே வைக்கக் கூடாதாமே என்று வைரப்பன் தயங்கினார். கீழே வைக்க வேண்டாம், என் கையில் கொடுங்கள் என்றார் அவர். அது நியாயமாகப் பட்டது. அவர் முத்திரை குத்தி, மூன்றையும் அடுக்கித் திருப்பித் தந்தார். ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள்.

நடுக்கடலில் பொழுது போகாமல் வைரப்பன் தன் கையில் இருந்ததைப் பிரித்தார். உள்ளே உடையப்பன் இருந்தான்.

"தம்பி, என் முகம் எப்படி இருக்கு?"

"எப்பவும்போலத்தான் அண்ணே."

"இல்லடா. இதுல நான் நீயா இருக்கேன்."

மற்ற இருவரும் அவசரமாகப் பிரித்துப் பார்த்தார்கள். சாத்தையா வைரப்பனாகியிருந்தார். உடையப்பன் சாத்தையாவாகியிருந்தான்.

"முத்திரை குத்தினப்ப மாறியிருக்கும்" என்றார் சாத்தையா.

"நமக்குள்ள மாத்திக்கிட்டா என்ன?" என்று கேட்டான் உடையப்பன்.

வைரப்பன் தலையை ஆட்டினார். "ஒரு தடவை கைமாறினதுக்கே இந்தக் கதி. இன்னொரு தடவை மாறினா என்ன ஆவோமோ. சர்க்கார் சொன்னபடி இருந்துட்டுப் போவோம்."

கப்பல் கிளம்பியதிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்த உடையப்பன், வாயைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குக் கம்பியோரம் இடம் விட்டான். வைரப்பன் பொறுப்பாகப் போய்க் குனிந்து நின்றார். ஒன்றும் வரவில்லை. தம்பி பேர் கெட்டுவிடக் கூடாதே என்று தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டார். அதெல்லாம் அவருக்குப் பெரிதில்லை. மூத்தவன் மடி இனிமேல் சாத்தையாவுடையது என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

அக்கரை அதிகாரி மூன்று முகங்களையும் பார்த்தார், மூன்று போட்டோக்களையும் பார்த்தார். பெருமூச்சு விட்டுப் புத்தகங்களை மாற்றிக் கொடுத்தார்.

"ஐயா, இதுதான் உங்கட."

வைரப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. போன ஆளைத் திருப்பிக் கொடுத்த புண்ணியவான் என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. பிள்ளை வைரப்பன் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க வீறிட்டது. காது குத்திய பத்தர் தோட்டைப் போட்டுவிட்டு எழுந்தார். செல்லக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொங்கலுக்கு மேலப்பொட்டல் வரப்போவதாகவும், பிள்ளைக்குப் பாஸ்போர்ட்கூட எடுத்தாகிவிட்டதாகவும் சொல்லி அதைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தாள். பிறகு பந்தியைக் கவனிக்கப் போனாள்.

வைரப்பன் பிரித்துப் பார்த்தார். தம்பிகளை முருங்கை மரத்தடிக்கு அழைத்துப் போய்க் காட்டினார். போட்டோவில் பிள்ளைக்குக் காது மூளியாக இருந்தது.

"இந்த முகத்தோட போனா தோடு போட்ட பிள்ளையை விடமாட்டாங்களே" என்றார் சாத்தையா.

மூவரும் யோசித்தார்கள். பிறகு, கை கழுவப் போன பத்தரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். வைரப்பன் மறுபடி கிழக்கே பார்த்துச் சம்மணம் போட்டு, பாஸ்போர்ட்டை மடியில் விரித்துக்கொண்டார். தாய்மாமன் சொல்லைத் தட்ட முடியாமல் பத்தரும் ஊசியை எடுத்தார். இடது காதில் ஒரு குத்து, வலது காதில் ஒரு குத்து. செல்லக்கிளி ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது.

உடையப்பன் குனிந்து போட்டோவை மெதுவாகத் தடவிக் கொடுத்தான்.

"இந்தப் பிள்ளைதான் சமத்து அண்ணே. அழவே இல்லை."