நாவல் மரம் வரை வந்த வெள்ளம்

கரும்பாறைக் காட்டில் ஓர் அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில், வாயில் ஒரு பல் கிடையாது. கரையான் புற்றைத் தோண்டி நாக்கால் நக்கித் தின்பதுதான் அதன் பிழைப்பு.

அந்தக் காட்டு விலங்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்தின் முதல் இடி இடித்ததும் எல்லாம் வரிசைகட்டி மலை உச்சிக்குப் போய்விடும். ஒரு காலத்தில் உலகமே வெள்ளத்தில் மூழ்கியதாம். உச்சிப் பாறையில் நின்றவர்கள் மட்டும் பிழைத்தார்களாம். அதனால் மழை ஓயும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். மொட்டைப் பாறையும் ஒற்றை மரமும்தான். ஒதுங்க ஒரு பொந்து கிடையாது. ஆண்டுதோறும் குளிரில் குட்டிகள் விறைத்துச் செத்தன. போன ஆண்டு தாய் முயல் இரண்டைப் பறிகொடுத்தது.

அழுங்குக்கு மனசு பொறுக்கவில்லை. ஓடைக்கரையில் தோண்டும்போது ஒரு சாண் கனத்துக்கு வண்டல் படிந்திருப்பதை அது பார்த்திருந்தது. அதில் மீன் முள்ளும் கிடந்தது. வெள்ளம் வந்தது நிஜம்தான், ஆனால் எதுவரை வந்தது?

பத்தடிக்கு ஒரு குழி தோண்டிக்கொண்டே மலையேறியது. வண்டல் நாலு விரல் ஆயிற்று, பிறகு ஒரு விரல். பாதி மலையில், நாவல் மரத்தடியில், ஒன்றுமே இல்லை. அதற்கு மேல் வெறும் செம்மண். புற்றுக்கு அடியில் பழைய புற்று, அதற்கும் அடியில் அதைவிடப் பழைய புற்று. வெள்ளம் தொட்டிருந்தால் அவை கரைந்திருக்காதா?

நாவல் மரத்துக்குச் சற்று மேலே ஈரமில்லாத குகை ஒன்றும் இருந்தது. அழுங்கு விலங்குகள் கூடியிருந்த குளத்தங்கரைக்கு ஓடி வந்தது.

"உச்சிக்குப் போக வேணாம்! வெள்ளம் நாவல் மரத்தைத் தாண்டினதே இல்ல. மூழ்கினது மலையடியில நாம இருக்கிற பள்ளம்தான், உலகம் இல்ல! அந்தக் காலத்துல இருந்தவங்களுக்குப் பள்ளமே உலகமா தெரிஞ்சிருக்கு. குகையில தங்கலாம், குட்டிங்க பிழைக்கும்!"

கருமந்தி எழுந்தது. ஆண்டுதோறும் முன்னால் நடந்து கூட்டத்தை உச்சிக்கு அழைத்துப் போகும் பெருமை அதனுடையது.

"வாயில ஒரு பல்லு இல்ல, பேச்சைப் பாரு! உச்சியில குளத்து நத்தை ஓடு கெடக்கே, வெள்ளம் கொண்டு வராம அது என்ன நடந்தா ஏறிச்சு?"

கூட்டம் சிரித்தது.

"உச்சி மரத்துல நத்தைகுத்தி நாரை கூடு கட்டியிருக்கு. அது தின்னுட்டுப் போடுற ஓடு! அதோ, மேல பாருங்க!" என்றது அழுங்கு.

நாரை அப்போதுதான் அலகில் நத்தையோடு உச்சியை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை.

"பாட்டன் பூட்டன் சொன்னதைப் பொய்யின்னு சொல்றவளோட யாரும் பேசக் கூடாது!" என்றது கருமந்தி.

யாரும் பேசவில்லை. அழுங்கு குளத்துக்கு வந்தால் குடித்தும் குடிக்காமலும் எல்லாம் எழுந்து போயின. முயல்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது அழுங்குக்கு ரொம்ப வலித்தது. ஆபத்து எதுவும் இல்லாத நேரத்திலும் பந்தாகச் சுருண்டு கிடந்தது.

முதல் இடி இடித்தது. எல்லாம் மலையேறின. அழுங்கு மட்டும் குகையில் தங்கியது. "தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், கூட்டத்துல சேர்த்துக்குவாங்க" என்று நினைத்து எத்தனையோ முறை வாசல்வரை போனது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது.

ஆறாம் நாள் பள்ளம் மூழ்கியது. தண்ணீர் மேலே மேலே ஏறிவர, அழுங்கு குகை வாசலில் நின்று பார்த்தது. நாவல் மரத்தின் வேரைத் தொட்டது. அங்கேயே நின்றது. பிறகு வடியத் தொடங்கியது.

"பாத்தீங்களா!" என்று கத்தியது அழுங்கு. கேட்கத்தான் ஆள் இல்லை.

மழை ஓய்ந்து கூட்டம் இறங்கியது. "நாம ஏறினதாலதான் வெள்ளம் அடங்கிச்சு!" என்றது கருமந்தி. எல்லாம் தலையாட்டின. தாய் முயல் மட்டும் ஆட்டவில்லை. இந்த முறையும் அதற்கு ஒரு குட்டி குறைந்திருந்தது. நாவல் மரத்தடியில் சேறு படிந்து நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அதுவும் பேசாமல் போய்விட்டது.

ஒரு வருஷம் அழுங்கு ஒரு குரலும் கேட்காமல் கிடந்தது.

மறுபடியும் முதல் இடி. வரிசை குகையைக் கடந்து ஏறியது. வாசலில் ஏதோ உரசும் சத்தம். தாய் முயல் நனைந்துபோய் நின்றது.

"அக்கா, கொஞ்சம் தள்ளிப் படேன். நாங்க அஞ்சு பேரு."

அழுங்கு தள்ளிப் படுத்தது.

எத்தனை பேர் சேர்ந்து சொன்னாலும் சாட்சி இல்லாதது உண்மையாகிவிடாது. சாட்சியைக் கண்டவர் தனியாக நிற்க நேர்ந்தாலும் அதை விட்டுவிடக் கூடாது.