எச்சமே போடாத கோழிகள்

ஆலங்காட்டில் பொம்மக்கா என்றொரு கரடி ஆறு கோழிகள் வளர்த்தாள். முட்டை தின்பாள், கோழியைத் தொடமாட்டாள். அவற்றை யாராவது குறை சொன்னால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

காட்டில் புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. குளக்கரைச் சந்தைக்குக் கோழி கொண்டுவருபவர்கள், கூட்டில் நோய் இல்லை என்று வைத்தியரிடம் சான்று ஓலை வாங்கி வரவேண்டும். ஆறு கோழி வைத்திருந்தாலும் சரி, அறுபது வைத்திருந்தாலும் சரி. போன வருஷம் யாரோ கொண்டுவந்த சீக்குக் கோழியால் பாதிக் காட்டில் கூடுகள் காலியானதுதான் காரணம்.

மறுநாள் வைத்தியர் முள்ளம்பன்றி வருகிறார் என்று சேதி வந்ததும் பொம்மக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்பது போலக் கோழிகளைக் குளிப்பாட்டினாள். அலகுக்கு எண்ணெய் தடவினாள். கூட்டைத் தேய்த்துக் கழுவி, மூலைக்கு மூலை பூ வைத்தாள்.

ஒரே ஒரு சங்கடம். புள்ளி என்ற சின்னக் கோழி இரண்டு நாளாகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு முடியலம்மா. வைத்தியர்கிட்ட சொல்லேன்," என்றது புள்ளி.

"சொன்னா ஓலை கிடைக்குமா? காடே என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஒரு காலைப்பொழுது மட்டும் பொறுத்துக்கோடி," என்று சொல்லி, அதை அடுப்படியில் ஒரு கூடையைப் போட்டு மூடிவைத்தாள் பொம்மக்கா.

வைத்தியர் வந்தார். தேனடை ஒன்று, கிழங்கு இரண்டு என்று உபசாரம் நடந்தது. பிறகு அவர் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எச்சம் எங்கம்மா?"

"எச்சமா? சேச்சே. எங்க வீட்டுக் கோழிங்க அதெல்லாம் போடாதுங்க."

"அப்படின்னா அதைவிடப் பெரிய சீக்கு வேற கிடையாது," என்றார் வைத்தியர். "நான் பூவைப் பார்க்க வரலை பொம்மக்கா. எச்சத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தேன்."

பொம்மக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. இருவரும் கூட்டின் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஐந்து கோழிகளும் திருதிருவென்று விழித்தன. இரண்டு பேர் இப்படி உற்றுப் பார்த்தால் யாருக்குத்தான் வரும்? வெயில் ஏறிய பிறகுதான் சிவப்பி என்ற பெட்டைக்கு மனம் இரங்கியது. மற்றவையும் தொடர்ந்தன. வைத்தியர் தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, எல்லாவற்றையும் கிளறிப் பார்த்தார்.

"குறையில்லை. மொத்தம் அஞ்சுதானே?"

அடுப்படியிலிருந்து சன்னமாக ஒரு முனகல் கேட்டது. பொம்மக்கா சத்தமாக இருமினாள்.

"அஞ்சேதான்."

வைத்தியர் இன்னொரு முள்ளைப் பிடுங்கி ஓலையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஓலையை நெஞ்சோடு அணைத்தபடி பொம்மக்கா கூடையைத் தூக்கினாள். புள்ளி கழுத்தைத் தரையில் போட்டுக் கிடந்தது. அதன் எச்சத்தில் இரத்தம் கலந்திருந்தது.

"ஓலை கிடைச்சுதாம்மா?" என்று கேட்டது புள்ளி.

பொம்மக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மருந்துப் பையோடு வீடு தேடி வந்தவரை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்திருக்கிறாளே! புள்ளியை அள்ளிக்கொண்டு ஓடினாள். ஆற்றங்கரையில் வைத்தியரைப் பிடித்தாள்.

"ஐயா, அஞ்சில்ல, ஆறு. பொய் சொல்லிட்டேன். இந்தாங்க உங்க ஓலை. இவளைக் காப்பாத்துங்க."

வைத்தியர் புள்ளியின் வாயில் மருந்தை விட்டார். "ரத்தக் கழிச்சல். மத்ததும் இதோட ஒரே தண்ணியத்தானே குடிச்சுது? அதுங்களுக்கும் மருந்து கொடும்மா. கூட்டைக் கழுவிக் கழுவி ஈரமாக்காம காயவிடு. மூணு வாரத்துக்குக் கோழிங்க எங்கேயும் போகக் கூடாது."

"இவ பிழைப்பாளா?"

"முன்னாடியே சொல்லியிருந்தா, பயப்படாதேன்னு சொல்லியிருப்பேன். இப்போ ரெண்டு நாள் போகட்டும், பார்ப்போம்."

அவர் ஓலையைக் கிழித்துப் போட்டார். பொம்மக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் சந்தை. காடே குளக்கரைக்குப் போயிருந்தது. பொம்மக்கா மட்டும் புள்ளியை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் கொஞ்சம் கம்போடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் புள்ளி மெல்லத் தலையைத் தூக்கி ஒரே ஒரு மணியைக் கொத்தியது. அவ்வளவுதான், பொம்மக்கா ஓவென்று அழுதுவிட்டாள்.

சோதிக்க வந்தவரிடம் நோயை ஒளிப்பவர், அதை மருந்திடமிருந்தே ஒளிக்கிறார்.