இசக்கிமுத்து மடியில் மூன்று சால்வை

உபகாரம் செய்தவருக்குச் சால்வை போர்த்துவது நம் ஊர் வழக்கம். அந்தச் சால்வையைத் தானே வாங்கிவந்து, அடுத்தவன் கையில் திணித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போலத் தலைகுனிந்து நிற்பதும் நம் ஊர் வழக்கம்தான். இந்தக் கதையில் அப்படி மூன்று பேர் வருகிறார்கள்.

இசக்கிமுத்து தென்காசிப் பக்கம் லாரி ஓட்டியவன். விபத்தில் இடுப்பு முறிந்தபோது கொடுத்த வலி மாத்திரை, எலும்பு கூடிய பிறகும் அவனை விடவில்லை. எத்தனையோ முறை தலைமுழுகிப் பார்த்தான். மறுபடி அதன் காலில்தான் போய் விழுந்தான். கடைசியில் டாக்டர் தயாபரன், இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் ஒரு சிகிச்சையைச் செய்தார். மூளைக்குள் மெல்லிய கம்பி, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி. அந்தச் சின்ன மின்சாரம் ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளில் ஆசை அடங்கியது.

உடனே கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. வாசல் பேனரில் இசக்கிமுத்துவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் விழாவுக்கு முந்தின வாரமே ஆசை மறுபடி தலைதூக்கியது. மின்சாரத்தின் அளவை மாற்றிப் பார்க்க வேண்டும். மனைவி பேச்சித்தாய் டாக்டரிடம் ஓடினாள். "விழா முடியட்டும்மா. அதுவரைக்கும் வெளிய சொல்லாதீங்க" என்றார் அந்த மகானுபாவர்.

மேடையில் அவரே முதலில், "கம்பி வச்சது நான்" என்று ஒரு சால்வைப் பையை இசக்கிமுத்துவின் மடியில் வைத்தார். "ஒன்னைய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனது யாருலே?" என்று தாய்மாமன் செல்லப்பாண்டி இன்னொன்றை வைத்தார். டாக்டர் சீட்டே இல்லாமல் அத்தனை காலம் மாத்திரை விற்ற மருந்துக்கடை வன்னியப்பன், "நான் விக்கிறத நிறுத்தலைன்னா நீ ஏதுடே?" என்று மூன்றாவதை வைத்தார். வெட்கம் அந்த மேடைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காப்பாற்றியவருக்கு அவனே போர்த்தட்டும் என்று அறிவித்தார்கள். இசக்கிமுத்து எழுந்தான். முன்பெல்லாம் மாத்திரை வெளிவரும் வன்னியப்பனின் சட்டைப்பையை விட்டுக் கண் நகர மறுத்தது. குணமாகிவிட்டதாக நடித்து ஒருவருக்குப் போர்த்திவிட்டால், மேடையை விட்டு இறங்கியதும் கால் நேரே மாத்திரையைத் தேடித்தான் போகும் என்று அவனுக்குத் தெரியும். பயமாக இருந்தது.

சொல்லுங்கள், அந்தச் சால்வை யாருக்குச் சேரவேண்டும்?

விடை: ஒருவருக்கும் இல்லை. முடிந்த வேலைக்குத்தான் சால்வை; இது பாதியில் நிற்கும் வேலை. இசக்கிமுத்து பைகளைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தான். "டாக்டரய்யா, எனக்கு மறுபடி மாத்திரை கேக்கு. இப்பவே வந்து சரி பண்ணுங்க." குணமான ஆளென்று ஊரைக் கூட்டிக் காட்டியவர், அத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பார்? பேச்சித்தாய் ஆஸ்பத்திரிக்குப் போக வாசலில் ஆட்டோவை நிறுத்தியிருந்தாள். டாக்டர் வெறுந்தோளோடு அதில் ஏறினார்.