நுனி கிள்ளிய வெற்றிலைகள்

இந்தக் கதையைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அரசனின் பெயர் மறந்துவிட்டது. வெற்றிலைகள் மட்டும் மறக்கவில்லை.

முன்னொரு காலத்தில், புதுப்புது நாட்களை அறிவிக்கும் பித்து ஓர் அரசனைப் பிடித்திருந்தது. வெள்ளரிக்காய் நாள், பூனைக்கு வழிவிடும் நாள் என்று மாதந்தோறும் முரசறைவான். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சட்டம், மீறினால் தண்டனை. கொட்டாவி நாளில் கொட்டாவி விடாத யானைப்பாகன் அரைநாள் வெயிலில் நின்றான்.

ஒருமுறை அரசன் நன்றி நாள் வேண்டும் என்றான். சட்டம் எழுதுபவர் அமைச்சர் மழவராயர். அவருக்கு விகடகவி கூடையன்மேல் தீராத பொறாமை. கூடையனோ, கோட்டை முற்றுகையில் கிடந்த மாதத்தில் பூக்கடைத் தெருவில் ஒரு கூடைக்குள் கண்டெடுக்கப்பட்டவன். அதை மனத்தில் வைத்தே மழவராயர் எழுத்தாணியை ஓட்டினார்.

“இந்நாட்டில் சோறுண்ணும் எவரும் நன்றி நாளில் தம்மைப் பெற்றவளுக்குத் தம் கையால் வெற்றிலை தர வேண்டும். அவள் மறைந்திருந்தால் வீட்டார் வாங்கலாம். வாங்கியவர் நுனியைக் கிள்ளித் திருப்பித் தருவதே சான்று. பொழுது சாய்வதற்குள் சான்று காட்டாதவர் நாடு கடத்தப்படுவர்.”

அரசன் படிக்காமலே முத்திரையிட்டான்.

நன்றி நாள் மாலையில் கூடையன் கால் வீங்கிப்போய்ச் சபைக்கு வந்தான். கையில் ஒரு கூடை.

“சான்று எங்கே கூடையா?” என்றார் மழவராயர். “பெற்றவள் யாரென்றே தெரியாதவன் யாரிடம் போய்க் கொடுத்தாய்? மன்னா, சட்டம் சட்டம்தான்!”

தான் எதற்கு முத்திரையிட்டோம் என்பது அப்போதுதான் அரசனுக்குப் புரிந்தது. அவன் முகம் வாடியது.

கூடையன் கூடையைக் கவிழ்த்தான். வெற்றிலைகள் குவிந்தன. ஒன்றுக்கும் நுனியில்லை.

“வேந்தே, நான் கிடைத்த மாதம் கோட்டைக் கதவு திறக்கவே இல்லை. ஆகவே என்னைப் பெற்றவள் உள்ளே இருந்த ஒருத்திதான். அன்று பிள்ளை பெறும் வயதில் இருந்தவர்கள் நூற்றுப் பதினேழு பேர். அத்தனை வாசலிலும் விழுந்து கும்பிட்டேன். மறைந்தவர்களுக்காக வீட்டார் கிள்ளித் தந்தார்கள்.”

“இதில் உன் தாய் கிள்ளியது எது?” என்றார் மழவராயர்.

“தெரியாது ஐயா. கொடுக்கச் சொல்கிறது உங்கள் சட்டம். தெரிந்துகொள்ளச் சொல்லவில்லையே.”

கூடையன் குவியலிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தான்.

“இது உங்கள் வீட்டில் கிள்ளியது. உங்கள் தாயார் பொன்னாச்சி அம்மாளுக்குக் கண் மங்கிவிட்டது. என் காலடிச் சத்தம் கேட்டு, ‘ஏன் ராசா இவ்வளவு நேரம்?’ என்றார். நான் உங்கள் மகனில்லை, கூடையன் என்றேன். ‘யாரா இருந்தா என்னப்பா, குடு’ என்று வாங்கிக்கொண்டு அழுதார். காலையிலிருந்து என் பின்னால் ஒற்றர்களை ஏவிக்கொண்டிருந்தீர்களே, உங்கள் சான்று எங்கே ஐயா?”

மழவராயர் தம் வெறுங்கைகளைப் பார்த்தார்.

கூடையன் மடியிலிருந்து நுனி கிள்ளாத ஒரு வெற்றிலையை எடுத்து நீட்டினான். “பொழுது இன்னும் சாயவில்லை. வீடு நான்கு தெரு தள்ளித்தான். ஓடுங்கள்.”

தலைப்பாகை அவிழ்ந்து தரையில் இழுபட, மழவராயர் ஓடினார்.

“யானைக்கு மதம் பிடித்தபோதுகூட இவர் இப்படி ஓடவில்லையே!” என்று அரசன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூடையனுக்கு அணிவித்து, “இன்னும் என்ன வேண்டும், கேள்” என்றான்.

“நாட்களை அறிவியுங்கள் வேந்தே. தண்டனை மட்டும் வேண்டாம்.”

மழவராயர் கிள்ளிய வெற்றிலையோடு பொழுது சாயுமுன் திரும்பினார். கடைசிவரை அமைச்சராகவே இருந்தார். பொறாமையும் கொஞ்சம் மிச்சமிருந்தது. பொன்னாச்சி அம்மாள் மேலும் மூன்று நன்றி நாட்களில் மகன் கையால் வெற்றிலை வாங்கினார். அரசன் நாள் அறிவிப்பதை விடவில்லை, தண்டனையை விட்டுவிட்டான். கூடையனைப் பெற்றவள் யாரென்று தெரியவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கோட்டைக்குள் பல வீடுகளில் அவனுக்கென்று ஒரு பிடி சோறு எடுத்து வைத்தார்கள்.